வீரனின் வாயும் என் எலுமிச்சம்பழமும்

ஒரு டம்ளர் தண்ணீரை மடியில் வைத்து, அதை முறைத்துப் பார்த்தபடி, தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். பித்தளை டம்ளர். தண்ணீரில் கூரையின் ஒரு கம்பும் என் மூக்கும் தெரிந்தன. மூக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டிருப்பதாக எனக்குப் பட்டது. இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“குடிங்க தம்பி,” என்றார் டிரெசர் சாமுவேல். தோட்டத்தில் எங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான்.

“இறங்க மாட்டேங்குதுங்க.”

“வாயில ஊத்தவே இல்லையே. எப்படி இறங்கும்?”

“பயமா இருக்குங்க.”

“எதைப் பார்த்து?”

“இந்தத் தண்ணியைப் பார்த்துத்தான்.”

சாமுவேல் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க மறந்து அப்படியே வைத்திருந்தேன்.

“குரைக்கணும் போல ஏதாச்சும் தோணுதா?”

“இதுவரைக்கும் தோணலை. நீங்க கேட்டதும்தான் லேசா…”

அவர் சட்டென்று மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பாவம், எனக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

கிளேபாங் அன்பரின் கேள்வி

போன வாரம் இந்தப் பகுதியில் புகைவீட்டுப் பேயைப் பற்றி எழுதியிருந்தேன். அது காயப் போட்ட ரப்பர் ஷீட் என்று தெரியும் முன்பே நான் வேலியைத் தாண்டி ஓடிய கதை. அதைப் படித்துவிட்டுக் கிளேபாங்கிலிருந்து ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். பேய் பற்றி அவருக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவர் கேள்வி வேறு.

“எங்கள் கடற்கரையில் இரண்டு நாய்கள் திரிகின்றன. ஒன்று மற்றொன்றின் காதை மணிக்கணக்காக நக்கிக்கொடுக்கிறது. அன்பினாலா, அழுக்கினாலா? தோட்டத்தில் நாய் வளர்த்தவர் என்ற முறையில் தாங்கள் விளக்க வேண்டும்.”

அன்பரே, இந்த விஷயத்தில் நான் பண்டிதன். படித்து வந்த பாண்டித்தியம் அல்ல. பயந்து வந்தது.

பங்களா நாயும் லயத்து நாயும்

அப்போது மெர்லிமாவிலிருந்து ஏழெட்டுக் கட்டை (மைல்) உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, பால் கணக்கு எழுதும் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. ஆள்கள் மரப்பட்டையை வெட்டி வடித்துக் கொண்டுவரும் பாலை ஸ்டோரில் நிறுத்து வாங்குவதும், வடிகட்டித் தொட்டியில் விடுவதும், அமிலம் ஊற்றி உறைய வைப்பதும் என் பொறுப்பு.

என்னிடம் ஒரு நாய் இருந்தது. முன்பிருந்த துரை கப்பலேறியபோது அவர் மனைவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. கொடுக்கும்போது அந்த அம்மாள் அழுதார். நானும் அழுதேன். அவர் அழுதது நாயைப் பிரிவதற்காக. நான் அழுதது, பிஸ்கோத்து தின்று வளர்ந்த அதற்கு நான் என்னத்தைப் போடுவேன் என்று. (கருவாட்டுக் குழம்புச் சோறு போட்டேன். முதல் நாளே பிஸ்கோத்தை மறந்துவிட்டது.)

வெள்ளை வெளேரென்று நீள ரோமம். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து ஜனங்கள் ‘பஞ்சு’ என்றார்கள். அதுவே நின்றுவிட்டது. நான் என் சொந்தச் சீப்பால் அதற்குத் தலை வாரிவிடுவேன். பங்களா நாய் அல்லவா! அதை வைத்திருந்ததில் எனக்கே பாதிப் பங்களா கிடைத்துவிட்ட மாதிரி ஒரு நடை வந்திருந்தது.

பஞ்சுவுக்கு ஒரு சிநேகிதன். பெயர் வீரன். செவலை நிறம், ஒரு காது பாதிதான். மீதிக் காது காட்டுப் பன்றியோடு போட்ட சண்டையில் போனது. வீரனை வளர்த்தவள் அஞ்சலை. அவளுடைய நெரை, அதாவது அவள் வெட்டும் மர வரிசை, தோட்டத்தின் கடைசியில் காட்டோரமாக இருந்தது. விடியுமுன் இருட்டில் அங்கே போக ஆண்களே யோசிப்பார்கள். வீரன் முன்னால் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் அஞ்சலை முதல் மரத்தில் கத்தி வைப்பாள். ஒரு முறை அவள் கால் வைக்க இருந்த இடத்தில் கிடந்த பாம்பை அவன் குரைத்து நகர வைத்திருக்கிறான். “புருஷன் கூட வராத எடத்துக்கு இவன் வர்றான்,” என்பாள், புருஷன் காதில் விழும்படியாகவே.

தினமும் பால் வாளிகள் ஸ்டோருக்கு வரும் நேரத்தில் வீரனும் வருவான். நிறுவை மேசைக்கு அடியில் படுத்திருக்கும் பஞ்சுவிடம் நேராகப் போவான். முதலில் காது. பிறகு கண்ணோரம். பிறகு தாடைக்குக் கீழே. பஞ்சு, மெர்லிமாவ் நாவிதரிடம் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி, கண்ணை மூடித் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் கொடுக்கும்.

நான் ஒரு கொள்கை வைத்திருந்தேன். அந்தஸ்து! நாங்கள் துரைக்குச் சலாம் போடுவது போல, லயத்து நாய் பங்களா நாய்க்குப் போடும் சலாம் அது. கிராணி வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் மேலே, கீழே என்றுதான் தெரியும்.

இந்தக் கொள்கையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. வீரன் முடித்ததும் பஞ்சு எழுந்து, அவனுடைய அந்தப் பாதிக் காதை, விளிம்பு விளிம்பாக நக்கிக்கொடுக்கும். துரை எனக்குத் திருப்பிச் சலாம் போட்டதாக ஞாபகம் இல்லை.

சாமுவேலைக் கேட்டேன். “காதுல உப்பு இருக்கும் தம்பி. சில நேரம் உள்ள புண்ணு இருந்தாலும் அந்த வாடைக்கு நக்கும்,” என்றார். அவருக்கு எதிலும் புண்தான் தெரியும்.

அஞ்சலையைக் கேட்டேன். வாளியை இறக்கி வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன் ஐயா, நாய்க்கு என்ன கையா இருக்கு? தன் காதைத் தானே நக்க முடியுமா? எட்டாத எடத்துக்கு இன்னொருத்தன் நாக்குத்தான். நீங்களும் முதுகு தேய்க்க ஆளு வேணும்னுதானே பொண்ணு தேடிக்கிட்டு இருக்கீங்க?”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் பாலைக் கவனமாக நிறுத்தேன்.

அதற்குப் பிறகு நானும் கவனித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. தன் வாய்க்கு எட்டும் காலையும் வாலையும் நாய் தானே பார்த்துக்கொள்கிறது. எட்டாத காதும் கன்னமும் பிடரியும்தான் சிநேகிதனுக்கு. அதுவும் எல்லா நாய்க்கும் எல்லா நாயும் செய்வதில்லை. லயத்தில் இருபது நாய் இருந்தது. வீரன் வேறு எந்தக் காதையும் தொட்டதில்லை.

இரண்டு பழம்

புதிய துரை ஒரு நாள் விருந்தாளியோடு ஸ்டோருக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மேசைக்கு அடியில் சவரம் நடந்துகொண்டிருந்தது. பாதிக் காது லயத்து நாயின் நாக்கில் பங்களா நாய் சொக்கிக் கிடப்பதை விருந்தாளி பார்த்தால் தோட்டத்தின் மானம் என்ன ஆவது? பால் அளக்கும் கம்பை எடுத்து ஓங்கினேன்.

வீரன் கம்பைப் பார்த்து வளர்ந்தவன். இரண்டடி நகர்ந்து நின்றான். பஞ்சு கம்பையே பார்த்ததில்லை. ஒரே துள்ளு! வடிகட்டி வைத்திருந்த பால் தொட்டியில் தலைகீழாக விழுந்து, முதுகு வரை முங்கி எழுந்தது.

தூக்கிக்கொண்டு ஸ்டோரின் பின்பக்கம் ஓடினேன். துரையின் கார் சத்தம் கேட்டது. ஈரத் துணியால் உடனே துடைத்திருந்தால் பால் போயிருக்கும். எனக்கும் தெரியும். ஆனால் பதற்றம் வந்துவிட்டால் எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னைவிட வேகமாக ஓடிவிடும். அழுக்குப் போக எலுமிச்சை என்று யாரோ எப்போதோ சொன்னது மட்டும் தலையில் நின்றது. பின்பக்கம் எலுமிச்சை மரம் இருந்தது. இரண்டு பழத்தைப் பறித்துக் கடித்துப் பிழிந்து, நாயின் தலையிலும் முதுகிலும் தேய்த்தேன்.

வாசகர்களில் தோட்டத்துக்காரர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ரப்பர்ப் பாலில் புளிப்புப் பட்டால் உறைந்துவிடும். லயத்தில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். தினமும் அமிலம் ஊற்றி அதை உறைய வைப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த நான், என் நாய்க்கு எலுமிச்சம்பழம் தேய்த்தேன்.

என் கண் முன்னாலேயே உறைந்தது. காது இரண்டும் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டன, ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. முதுகில் ஆமை ஓடு மாதிரி ஒரு தகடு. பஞ்சு உதறிப் பார்த்தது, ரோமம் ஒன்றும் உதறவில்லை. ஒன்றரைக் கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லயத்துப் பக்கம் ஓடிப்போய்விட்டது.

யாரும் பார்க்கவில்லை, வீரனைத் தவிர. அவன் அதன் பின்னால் போனான்.

“நாய் என்ன ஆச்சு ஐயா?” என்று ஆள்கள் கேட்டார்கள்.

“கழுவி விட்டாச்சு, கழுவி விட்டாச்சு,” என்றேன். (தொட்டியில் இருந்த பாலை என்ன செய்தேன் என்று இப்போது யாரும் கேட்க வேண்டாம்.)

தொங்கிய தாடை

இரண்டு நாள் பஞ்சு வீட்டுக்கு வரவில்லை. தூண்களின் மேல் நின்ற லயத்தின் தரைக்கு அடியில் எல்லாம் குனிந்து குனிந்து தேடினேன். கையில் சோற்றுத் தட்டோடு கூப்பிட்டுக்கொண்டு திரிந்ததில், வேறு ஏழு நாய்கள் எனக்குச் சிநேகமாயின. ஒன்றரைக் கண் பார்வை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்து, அட்டை கடித்த முழங்காலுக்குச் சுண்ணாம்பு வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வந்தது. காது இரண்டும் நிமிர்ந்திருந்தன! முகம் சுத்தம், கண் சுத்தம். முதுகில் மட்டும் அந்த ஆமை ஓடு. எலுமிச்சை மெதுவாக வேலை செய்யும் மருந்து போலும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பின்னால் வீரன் வந்தான்.

அவன் தாடை தொங்கிக்கொண்டிருந்தது. மூடவில்லை. எச்சில் நூல் நூலாகத் தரை வரை வடிந்தது. உதட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ நுரை. முன்காலால் வாயைப் பிராண்டினான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னிடம் வந்து, அந்த வாயை என் முழங்காலில், அட்டை கடித்த புண் மேலேயே, வைத்துத் தேய்த்தான்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாரம்தான் புக்கிட் பெருவாங் பக்கம் ஒரு வெறிநாய் திரிவதாக மாட்டுவண்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். துரை பெரட்டில், அதாவது காலையில் ஆள் கூப்பிடும் இடத்தில், அடையாளங்களைச் சொல்லி எச்சரித்தார். அதைத் தமிழாக்கிச் சத்தமாகச் சொன்னவன் நான்தான். தாடை தொங்கும். எச்சில் வடியும். வாயைப் பிராண்டும். தண்ணீர் குடிக்காது. யார் பார்த்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

என் தமிழ் எனக்கே எதிரில் நாலு காலில் நின்றுகொண்டிருந்தது.

நான் பயந்த சுபாவம் என்பது புதிய செய்தி அல்ல. மெர்லிமாவ் பாசாரில் ஒரு தடவை யாரோ “ஓடு!” என்றார்கள். என்னை அல்ல, தன் மாட்டை. நான் அரைக் கட்டை தூரம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மாடு நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அதையும் மிஞ்சினேன். முதலில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினேன். உள்ளே இருப்பது தண்ணீர் என்று ஞாபகம் வந்ததும் இறங்கினேன். “வெறிநாய்! வீரனுக்கு வெறி!” என்று கத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியில் பார்த்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் செய்தி பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்படியாகத்தான் அந்த டம்ளர் என் மடிக்கு வந்தது.

துரை வந்தார்

டவுன் ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் போடுவார்களாமே, அந்த ஊசியைப் பற்றிச் சாமுவேலிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. துரை. கையில் பன்றி சுடும் துப்பாக்கி.

“கிராணி, வா. நாய் காட்டு.”

“துரை, கட்டிப் போட்டு ஒரு பத்து நாள் பார்க்கலாமே,” என்றார் சாமுவேல்.

“லயத்துல புள்ளைங்க இருக்கு. பத்து நாள் முடியாது.” துரையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பயந்தது பிள்ளைகளுக்காக. “அந்த நாய் சுடணும். அது கூடச் சேர்ந்த நாய் எல்லாம் சுடணும்.”

“கூடச் சேர்ந்ததா?” என்றேன்.

“எல்லாம்.”

பஞ்சுவும் அதில் சேர்த்தி என்று மண்டையில் ஏற எனக்கு ஆஸ்பத்திரிப் படி இறங்கும் நேரம் பிடித்தது. டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து, கையில் பிடித்தபடியே அவர் பின்னால் நடந்தேன்.

லயத்து வாசலில்

அஞ்சலை பால் வாளியைக்கூட எடுக்காமல் நெரையிலிருந்து ஓடி வந்திருந்தாள் போலிருக்கிறது. வேலைத் துணியோடு, தலைத்துண்டோடு, தன் வீட்டுப் படியில் நின்றாள். வீரனைத் தூணில் கட்டியிருந்தார்கள். தாடை அப்படியே தொங்கியது. அவன் முன்னால் ஒரு சட்டித் தண்ணீர், தொடாமல் இருந்தது.

“யாரு சொன்னா இவனுக்கு வெறின்னு?”

“கிராணி ஐயாதான்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“இந்த ஐயாவா? மரவட்டையைப் பார்த்து மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தாரே, அவரா?”

யாரும் சிரிக்கவில்லை. துப்பாக்கி இருந்தது.

“அஞ்சலை, தள்ளு,” என்றார் துரை.

“தொரை, காலையில கூட என் முன்னால நடந்து போனான். என்னைக் கடிக்கலை, யாரையும் கடிக்கலை. நேத்திலேருந்து திங்க முடியலை, அவ்வளவுதான். இவன் இல்லாம நாளைக்கு அந்தக் காட்டுக்கு நான் எப்படிப் போவேன்?”

“தள்ளு.”

இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். துரை துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

அப்போது லயத்துக்கு அடியிலிருந்து பஞ்சு வெளியே வந்தது. கூட்டம், துரை, துப்பாக்கி எதையும் பார்க்கவில்லை. நேராக வீரனிடம் போய், அவன் வாயோரத்தை நக்க ஆரம்பித்தது. வீரன் கண்ணை மூடிக்கொண்டான்.

“இதுவும்,” என்றார் துரை.

என் நாய். என் சீப்பில் தலை வாரிய நாய். டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பஞ்சு எதையோ முன்பல்லில் கவ்வி இழுத்தது. வீரனின் உதட்டோரத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் வந்தது. நீண்டது. இன்னும் நீண்டது. ஒரு முழம் நீண்டு, பட்டென்று விட்டுப்போய் வீரனின் மூக்கிலேயே அடித்தது. அவன் அசையவில்லை. பஞ்சு மறுபடி கவ்வியது.

“ஐயோ, அது ஒட்டுப்பாலு!” என்று அஞ்சலை கத்தினாள். மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பரைத் தினமும் உரித்து எடுப்பவள். அந்த இழுவையை அவளைவிட யார் அறிவார்? பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு ஓடி, துப்பாக்கிக்கும் நாய்க்கும் நடுவில் உட்கார்ந்து, கையை முழுசாக வீரனின் வாய்க்குள் விட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் விரலில் ஒரு கொத்து ரப்பர் தொங்கியது. அதில் நீளநீளமாக வெள்ளை ரோமம். அதைத் தூக்கி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“இது யாரு மயிருங்க ஐயா?”

லயத்தில் இருந்த மற்ற நாய்கள் எல்லாம் கறுப்பு, செவலை. எல்லோர் கண்ணும் பஞ்சுவுக்குப் போய், பஞ்சுவின் முதுகில் இருந்த ஆமை ஓட்டுக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வந்தன. இரண்டு நாளாக வீரன் என் நாயின் காதிலும் கண்ணிலும் இருந்த ரப்பரைப் பல்லால் பிடுங்கியிருக்கிறான். பிடுங்கியதெல்லாம் அவன் பல்லில் சிக்கி, தாடையைக் கட்டிப் போட்டுவிட்டது. என் காலில் வாயைத் தேய்த்தது கடிக்க அல்ல, கழற்ற.

“என்ன பேசுறா?” என்று துரை கேட்டார். அஞ்சலையின் வேகத்துக்கு அவர் தமிழ் ஓடாது. துப்பாக்கி இன்னும் இறங்கவில்லை. “கிராணி, என்ன பேசுறா? தள்ளச் சொல்லு.”

அதை அவருக்குச் சொல்ல அங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. சாமுவேல் இன்னும் வந்து சேரவில்லை. சொன்னால் எலுமிச்சம்பழமும் வெளியே வரும். அமிலம் ஊற்றுகிற கிராணி நாய்க்கு எலுமிச்சை பிழிந்தான் என்று மெர்லிமாவ் முழுக்கச் சிரிக்கும். வேலையும் போகலாம். ‘தள்ளச் சொல்கிறேன் துரை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் பிழைக்கும்.

மூன்று மூச்சு விட்டேன். அதில் ஒன்று முழுக்க என் மானத்துக்காகவே விட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நடந்து போய் அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம், பாதி அவளுக்குப் பின்னால் மறையத்தான். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பு, தொட்டி, பின்பக்கம், இரண்டு பழம். இங்கிலீஷிலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னதால், துரைக்கும் லயத்துக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது.

துரை துப்பாக்கியை இறக்கினார். என்னைப் பார்த்தார். பஞ்சுவின் முதுகைக் குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். ‘டொக்’ என்றது.

“கிராணி,” என்றார் நிதானமாக, “ஆசிட் ஊத்துறது தொட்டியில.”

“ஆமாம் துரை.”

“நாய்ல இல்லை.”

“இல்லை துரை.”

“இப்ப நீ எடு. எல்லாம் எடு.” வீரனின் வாயைக் காட்டினார். போய்விட்டார். போகும்போது அவர் தோளும் சாமுவேலின் தோள் மாதிரியே குலுங்கியது. இந்தத் தடவை அது அழுகை இல்லை என்று எனக்கே புரிந்தது.

பல் வைத்தியம்

சாமுவேல் சிறு இடுக்கியோடு வந்தார். இடுக்கியை என் கையில் கொடுத்துவிட்டுத் தான் மேற்பார்வை பார்த்தார். அஞ்சலை தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். நான் தரையில் உட்கார்ந்து வீரனின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் விரலை உள்ளே விடுவதற்குள் மூன்று சாமிக்கு நேர்ந்துகொண்டேன்.

“பல்லு பெரிசா இருக்கே அஞ்சலை.”

“பின்ன, நாய்க்குப் பால் பல்லா இருக்கும்? எடுங்கலா.”

கடைவாயில் பல்லுக்குப் பல் சுற்றியிருந்தது, நூல்கண்டு மாதிரி. எண்ணெய் தடவி, இழுத்து, அறுத்து, மறுபடி இழுத்து. வீரன் ஒரு முறைகூடப் பல்லை அழுத்தவில்லை. அவன் மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டு வரும்போதும் சுற்றி நின்றவர்கள் பிரசவம் பார்ப்பது போல “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்றார்கள். கடைசித் துண்டு வந்ததும் தாடை ‘டக்’கென்று மூடியது. மூடித் திறந்து, திறந்து மூடி, அவனே ஆச்சரியப்பட்டான். பிறகு எழுந்து சட்டித் தண்ணீரை அடி வரை நக்கிக் குடித்தான். லயமே கை தட்டியது.

இனி வந்து நன்றியாக என் கையை நக்குவான் என்று எதிர்பார்த்து, கையைக் கொஞ்சம் வாகாகவே நீட்டி வைத்திருந்தேன்.

அவன் என்னைத் தாண்டிப் போனான். பஞ்சுவின் முதுகில் இருந்த ரப்பர்த் தகட்டில், விட்ட இடத்தில், பல்லை வைத்தான்.

“டேய், டேய், மறுபடியுமா!” என்று அலறினேன். ஓடிப்போய் அவன் வாயிலிருந்து தகட்டைப் பிடுங்கிவிட்டு, எண்ணெயையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு பஞ்சுவுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தேன். வீரன் கொஞ்ச நேரம் என் கையையே உற்றுப் பார்த்தான், புது ஆளின் வேலையைக் கங்காணி பார்ப்பது போல. ஒழுங்காகத்தான் வெட்டுகிறேன் என்று திருப்தியான பிறகு மறுபக்கம் படுத்து, காதை எடுத்துக்கொண்டான். பஞ்சு கண்ணை மூடி இரண்டு பேருக்கும் இடையில் நீட்டிப் படுத்தது.

வெட்டிக்கொண்டே போனவன் பிடரியைத் தாண்டிக் காதுப் பக்கம் வந்துவிட்டேன். ஒரு சின்ன உறுமல் கேட்டது.

அஞ்சலை படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“ஐயா, நீங்க முதுகோட நில்லுங்க. காது அவன் வேலை.”

சரி என்று கத்தரிக்கோலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.